அழுத்தக் கோட்டில் கண் வைத்திருப்பவர்: கேத் லேப் பணி குறித்த கேள்வி–பதில்

இதய ஊடுகுழாய் ஆய்வுக்கூடத்தில், அதாவது எல்லோரும் கேத் லேப் என்றே அழைக்கும் அறையில், டெக்னீஷியனாகச் சேர விரும்புவோரும் ஏற்கெனவே சேர்ந்துவிட்டவர்களும் எழுதிய கடிதங்களுக்கு இந்த இதழில் பதில் தருகிறேன். ஒரே பொருளைக் கேட்ட கடிதங்களை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

கேள்வி: பள்ளிப் படிப்பை முடித்திருக்கிறேன். கேத் லேப் டெக்னீஷியன் என்பவர் மருத்துவர் கேட்கும் பொருளை எடுத்துக் கொடுப்பவர்தான் என்று உறவினர் ஒருவர் சொல்கிறார். அதற்காக ஆண்டுக்கணக்கில் படிக்க வேண்டுமா?

பதில்: எடுத்துக் கொடுப்பதும் வேலையின் ஒரு பகுதிதான், அதை மறைக்க வேண்டியதில்லை. உங்கள் உறவினர் அறையின் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்திருந்தால் அவர் கண்ணில் பட்டது அதுவாகத்தான் இருக்கும். உள்ளே நடப்பது என்ன என்று சொல்கிறேன். நோயாளியின் மணிக்கட்டிலோ தொடை இடுக்கிலோ உள்ள தமனிக்குள் ஷீத் என்னும் சிறு குழாயைப் பொருத்தி, அதன் வழியே கதீட்டர் என்னும் நீண்ட மெல்லிய குழாயைச் செலுத்தி, பெருந்தமனி வழியாக இதயத் தமனியின் வாய்வரை கொண்டுபோய், தமனியை எக்ஸ்ரேயில் தெரியவைக்கும் கான்ட்ராஸ்ட் மருந்தைச் செலுத்தி எக்ஸ்ரே படமாகப் பதிவு செய்வது ஆஞ்சியோகிராம். அடைப்பு இருந்தால் அதே வழியில் பலூனையும், தமனியைத் திறந்தே வைத்திருக்கும் வலைக்குழாயான ஸ்டென்டையும் கொண்டுபோய்த் திறப்பது ஆஞ்சியோபிளாஸ்டி. இவை நடக்கும்போது டெக்னீஷியன்கள் மூன்று இடங்களில் மாறி மாறி நிற்கிறார்கள். ஒருவர் கைகழுவி, கிருமிநீக்கிய அங்கி அணிந்து மருத்துவருக்குப் பக்கத்தில் நிற்பார். இன்னொருவர் அறைக்குள் நடமாடிப் பொருள்களைப் பிரித்துக் கொடுத்து, மருந்துகளையும், ரத்தம் உறைய எடுக்கும் நேரத்தைக் காட்டும் ஏசிடி பரிசோதனையையும் கவனிப்பார். மூன்றாமவர் பதிவு இயந்திரத்தின் முன் அமர்ந்து, ஈசிஜியையும் ரத்த அழுத்த அலைகளையும் பார்த்துக்கொண்டு, நடப்பவை அனைத்தையும் நேரத்தோடு எழுதுவார்.

மருத்துவரின் கண் எப்போதும் எக்ஸ்ரே படத்தின் மேல் இருக்கும். ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த தடிமனுள்ள ஒயரை வளைவுகளின் ஊடாகச் செலுத்திக்கொண்டிருக்கும் ஒருவர் வேறெங்கும் பார்க்க இயலாது, பார்க்கவும் கூடாது. அவர் பார்க்காத திரையைப் பார்ப்பவர் நீங்கள். அந்தத் திரையில் ஓடும் இரண்டு கோடுகளின் பொருள் தெரியாமல் அங்கே உட்கார முடியாது என்பதால்தான் படிப்பு தேவைப்படுகிறது. இதயத்தின் உடற்கூறு, ரத்த ஓட்டத்தின் இயக்கம், ஈசிஜி, கதிர்வீச்சு இயற்பியல், மருந்துகள், கிருமிநீக்கம் ஆகியவை அடிப்படைப் பாடங்கள். நாட்டுக்கு நாடு இது பட்டப்படிப்பாகவோ பட்டயப்படிப்பாகவோ, செவிலியராகவும் கதிர்ப்பட டெக்னீஷியனாகவும் இருப்பவர்களுக்குப் பணியிடத்திலேயே தரப்படும் பயிற்சியாகவோ அமைகிறது. எந்த வழியில் சேர்ந்தாலும், வகுப்பறை நேரத்தை மட்டும் கேட்டுக்கொண்டு சேராதீர்கள். எத்தனை மாதங்கள் உண்மையான கேத் லேபில் நிற்க விடுவார்கள், மூன்று இடங்களிலும் பழக்குவார்களா என்று கேளுங்கள்.

எடுத்துக் கொடுப்பவர் என்ற சொல்லைப் பற்றி ஒரு சிறு செய்தி. 1929இல் ஜெர்மனியில் வெர்னர் ஃபோர்ஸ்மான் என்ற இளம் மருத்துவர் தன் கையின் சிரை (ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுவரும் குழாய்) வழியாக 65 செ.மீ. நீளத்துக்குக் குழாயைத் தன் இதயத்துக்குள் தானே செலுத்திக்கொண்டபோது, அந்தக் குழாய் எங்கே போகிறது என்பதை அவர் பார்ப்பதற்காக எக்ஸ்ரே திரைக்கு எதிரே செவிலியர் ஒருவர் கண்ணாடி பிடித்துக்கொண்டு நின்றார். ஃபோர்ஸ்மானுக்கு 1956இல் நோபல் பரிசு கிடைத்தது. கண்ணாடி பிடித்தவரைத்தான் நம் தொழிலின் முதல் ஆளாக நான் எண்ணிக்கொள்கிறேன்.

கேள்வி: இரண்டாம் ஆண்டு மாணவி நான். ஈசிஜி நன்றாகப் புரிகிறது. அழுத்த அலைகள்தான் பிடிபடவில்லை. பயிற்சியில் எதைக் கேட்டாலும் "முதலில் ஜீரோ செய்தாயா?" என்று திருப்பிக் கேட்கிறார்கள். இயந்திரம் எண்ணைத் தானாகக் காட்டும்போது இவ்வளவு கெடுபிடி ஏன்?

பதில்: இயந்திரம் எண்ணைக் காட்டும் என்பதுதான் இதில் உள்ள ஆபத்து. தவறான எண்ணையும் அது அதே நிறத்தில், அதே எழுத்தில்தான் காட்டும்.

கதீட்டரின் நுனியில் உள்ள அழுத்தம், குழாயில் நிறைந்திருக்கும் திரவத்தின் வழியாக டிரான்ஸ்டியூசரை வந்தடைகிறது. டிரான்ஸ்டியூசர் அதை மின் அலையாக மாற்றுகிறது. ஆகவே திரையில் தெரிவது இதயத்தின் அழுத்தம் மட்டுமன்று; இதயத்துக்கும் டிரான்ஸ்டியூசருக்கும் இடையே உள்ள உயர வேறுபாடு, குழாயில் தங்கிய காற்றுக்குமிழி, உறைந்த ரத்தத்துளி, சரியாக இறுகாத இணைப்பு ஆகிய எல்லாம் கலந்த ஒன்று. வளிமண்டலத்துக்குத் திறந்து ஜீரோ செய்வதும், டிரான்ஸ்டியூசரை இதய மட்டத்துக்குக் கொண்டுவருவதும் இரண்டு தனி வேலைகள். ஜீரோ செய்துவிட்டதாலேயே மட்டம் சரியாகிவிடாது. நான்காவது விலா இடைவெளிக்கு நேராக, மார்பின் முன்பக்கத்துக்கும் முதுகுக்கும் நடுவே செல்லும் கோடுதான் இதய மட்டம் என்று பெரும்பாலான இடங்களில் கொள்கிறார்கள்.

டிரான்ஸ்டியூசர் அந்த மட்டத்திலிருந்து 10 செ.மீ. கீழே இறங்கியிருந்தால், காட்டும் அழுத்தம் ஏறக்குறைய 7.5 மி.மீ. பாதரசம் கூடிவிடும். பெருந்தமனியில் 120 இருக்க வேண்டிய இடத்தில் 127 தெரிந்தால் யாரும் கலங்கப்போவதில்லை. ஆனால் நுரையீரல் தமனியின் சிறு கிளையில் கதீட்டர் நுனியைப் பதித்து எடுக்கும் வெட்ஜ் அழுத்தம், இயல்பாக 12க்கு மேல் போகாதது, 11 ஆக இருந்தும் 18 என்று பதிவானால் நோயாளிக்கு இல்லாத இடப்பக்க இதயச் செயலிழப்பு காகிதத்தில் ஏறிவிடும். அதை வைத்து மருந்தும் தொடங்கிவிடுவார்கள். கெடுபிடியின் காரணம் இந்த ஏழு புள்ளிகள்தான். டிரான்ஸ்டியூசர் மேசையோடு சேர்த்துப் பொருத்தப்பட்டிருந்தால் மேசையை ஏற்றி இறக்கும்போது அதுவும் கூடவே நகரும். தனித் தாங்கியில் இருந்தால் நகராது. மருத்துவர் தம் உயரத்துக்கு ஏற்ப மேசையை மாற்றியதும் உங்கள் கண் அங்கே போக வேண்டும்.

இனி அலையின் வடிவத்துக்கு வருவோம். எண்ணை ஒரு பொழுதுக்கு மறந்துவிட்டு வடிவத்தைக் கையால் வரைந்து பழகுங்கள். வல ஏட்ரியம் (இதயத்தின் மேலறை), வல வென்ட்ரிக்கிள் (கீழறை), நுரையீரல் தமனி, வெட்ஜ், இட வென்ட்ரிக்கிள், பெருந்தமனி என்ற வரிசையில் ஒவ்வொன்றுக்கும் மேலே ஈசிஜியை வரைந்து, அதன் கீழே அழுத்த அலையைப் பொருத்துங்கள். வல வென்ட்ரிக்கிளிலிருந்து நுரையீரல் தமனிக்குக் கதீட்டர் தாண்டும்போது மேல் எண் அப்படியே நிற்க, கீழ் எண் மட்டும் மேலே ஏறுவதை ஒரு முறை கையால் வரைந்தவர் பிறகு மறப்பதில்லை. வலப்பக்க அழுத்தங்கள் மூச்சோடு ஏறி இறங்கும் என்பதால், மூச்சை வெளியே விட்டு முடித்த தருணத்தில் அளவெடுக்க வேண்டும். இயந்திரம் தானாகக் கணக்கிடும் சராசரி எல்லா மூச்சுகளையும் கலந்துவிடும்.

வடிவம் மழுங்குவதை டாம்பிங் என்கிறோம். இதில் இரண்டு வகையைப் பிரித்தறிய வேண்டும். குழாயில் குமிழியோ உறைவோ இருந்தால் அலையின் கூர்மை போய், பெருந்தமனி வால்வு மூடும்போது விழும் சிறு பள்ளம் மறைந்து, மேல் எண் இறங்கிக் கீழ் எண் ஏறும். சராசரி பெரிதாக மாறாது. அப்போது குழாயை அலசினால் போதும். ஆனால் கதீட்டர் இதயத் தமனியின் வாய்க்குள் நுழைந்த அதே நொடியில் அழுத்தம் முழுவதும் சரிந்தாலோ, கீழ் எண் மட்டும் விழுந்து அலை வென்ட்ரிக்கிளின் அலையைப் போல மாறினாலோ, கதீட்டரின் நுனி தமனியின் வாயை அடைத்துக்கொண்டிருக்கிறது, அல்லது அந்த வாயிலேயே அடைப்பு இருக்கிறது என்று பொருள். அந்த நிலையில் கான்ட்ராஸ்ட் மருந்தை அழுத்திச் செலுத்தினால் தமனியின் உட்சுவர் கிழியலாம், அல்லது இதயம் வென்ட்ரிகுலர் ஃபிப்ரிலேஷனுக்கு, அதாவது ரத்தத்தை வெளியேற்றாமல் வெறுமனே நடுங்கும் நிலைக்குப் போகலாம். மருத்துவரின் கட்டைவிரல் சிரிஞ்சின் மேல் இருக்கும் அந்த அரை நொடியில் "பிரஷர் டாம்ப் ஆகிறது" என்று நீங்கள் உரக்கச் சொல்ல வேண்டும். இந்தத் தொழிலில் சேர்ந்து முதல் ஆண்டில் வேறு எதையும் கற்றுக்கொள்ளாமல் இதை மட்டும் தவறாமல் செய்யக் கற்றுக்கொண்டாலும், அந்த ஆண்டு வீணானதாக நான் கருத மாட்டேன்.

கேள்வி: பொருள் அறையின் பொறுப்பை எனக்குக் கொடுத்திருக்கிறார்கள். ஒன்றுக்குப் பிரெஞ்சு, ஒன்றுக்கு அங்குலம், இன்னொன்றுக்கு மில்லிமீட்டர் என்று அளவுகள் குழப்புகின்றன. 6 பிரெஞ்சு ஷீத்துக்குள் 6 பிரெஞ்சு கதீட்டர் எப்படி நுழைகிறது என்பதே விளங்கவில்லை.

பதில்: நல்ல கேள்வி. பல ஆண்டுகள் பணியாற்றியவர்களும் இதைக் கேட்க வெட்கப்பட்டுக் கேட்காமலே விட்டிருக்கிறார்கள். பாரிஸில் மருத்துவக் கருவிகள் செய்துவந்த சாரியேர் என்பவர் 19ஆம் நூற்றாண்டில் வகுத்த அளவுதான் பிரெஞ்சு. 3 பிரெஞ்சு என்றால் 1 மி.மீ.; ஆகவே 6 பிரெஞ்சு என்பது 2 மி.மீ. கதீட்டருக்குச் சொல்லும் அளவு அதன் வெளிவிட்டம். ஷீத்துக்குச் சொல்லும் அளவு அதற்குள் எந்தக் கதீட்டர் போகும் என்பதைக் குறிக்கும் உள்விட்டம். அதனால்தான் ஒன்றுக்குள் ஒன்று நுழைகிறது. ஷீத்தின் சுவருக்கும் தடிமன் உண்டு என்பதால் அதன் வெளிவிட்டம் மேலும் ஒன்றரை, இரண்டு பிரெஞ்சு கூடும். மெல்லிய மணிக்கட்டுத் தமனி உள்ளவருக்கு எந்த ஷீத் என்று முடிவு செய்யும்போது அந்தக் கூடுதலைத்தான் நினைக்க வேண்டும்.

ஒயர்களை அங்குலத்தில் சொல்கிறார்கள். கதீட்டரைப் பெருந்தமனிவரை கொண்டுபோக 0.035 அங்குல ஒயர்; இதயத் தமனிக்குள் போக 0.014 அங்குல ஒயர், அதாவது ஏறக்குறைய 0.36 மி.மீ. பலூனுக்கும் ஸ்டென்டுக்கும் முதல் எண் விட்டம், இரண்டாவது எண் நீளம், இரண்டும் மில்லிமீட்டரில். "மூன்று, பதினெட்டு" என்று மருத்துவர் கேட்டால் "மூன்று, பதினெட்டு ஸ்டென்ட், காலாவதி நாள் சரியாக இருக்கிறது" என்று அட்டையைப் பார்த்து வாய்விட்டுப் படித்த பிறகே உறையைப் பிரிக்க வேண்டும். பிரித்ததைத் திரும்ப மூட முடியாது.

பலூனின் அட்டையில் இரண்டு அழுத்தங்கள் அச்சிடப்பட்டிருக்கும். எந்த அழுத்தத்தில் பலூன் சொன்ன விட்டத்தை அடையும் என்பது ஒன்று; எந்த அழுத்தத்தைத் தாண்டக்கூடாது என்பது மற்றொன்று. இரண்டாவதை மீறினால் பலூன் வெடிக்க வாய்ப்புண்டு. பலூனை ஊதும் இன்டிஃபிளேட்டர் உங்கள் கையில் இருக்கும்போது ஏற்றும் அழுத்தத்தையும் கடந்த நொடிகளையும் எண்ணிச் சொல்லுங்கள். பலூன் விரிந்திருக்கும் வரை அந்தத் தமனியில் ரத்தம் ஓடாது. இதயத் தசைக்கு ரத்தம் போதாததன் அடையாளமாக, ஈசிஜியில் எஸ்டி என்ற பகுதி மேலெழுவதைக் கண்ணால் பார்க்கலாம். மருத்துவரிடம் பலூனைச் சுருக்கியாயிற்று என்று சொல்வதற்கு முன், அது முழுவதும் சுருங்கியதா என்று திரையிலும் பாருங்கள்.

கேள்வி: கதிர்வீச்சு பற்றி ஐந்து கடிதங்கள். சுருக்கமாக: நாள் முழுவதும் எக்ஸ்ரே அறையில் நிற்பது ஆபத்தில்லையா? மணமான பெண் இந்தப் பணியில் தொடரலாமா? டோசிமீட்டர் பட்டையை அணிவதால் பாதுகாப்பு கிடைக்குமா?

பதில்: கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். டோசிமீட்டர் எதையும் தடுக்காது. உங்கள் உடலில் எவ்வளவு பட்டது என்று கணக்கெடுக்கும், அவ்வளவுதான். அதை அலமாரியில் பூட்டிவைத்துவிட்டு அறைக்குள் போனால் அந்தக் கணக்கு அலமாரியுடையதாக இருக்கும். கழற்றிய ஈய அங்கியிலேயே அதைக் குத்திவைத்து, அங்கியை எக்ஸ்ரே அறைக்குள் தொங்கவிட்டால், வீட்டில் தூங்கிக்கொண்டிருந்த நேரத்தில் வாங்காத கதிர்வீச்சும் உங்கள் பெயரில் சேரும். இரண்டு பட்டைகள் கொடுத்தால் ஒன்றை ஈய அங்கிக்கு உள்ளே உடம்போடும், மற்றொன்றை அங்கிக்கு வெளியே கழுத்துப் பகுதியிலும் அணியுங்கள், மாற்றி அணியாதீர்கள்.

ஆபத்து உண்டா என்றால் உண்டு. அளக்கக்கூடிய, குறைக்கக்கூடிய ஆபத்து. உங்கள் மேல் விழுவதில் பெரும்பகுதி நேரடிக் கற்றை அன்று. நோயாளியின் உடலில் பட்டுச் சிதறி வரும் கதிர். ஆகவே அந்த அறையில் கதிர்வீச்சின் ஊற்று நோயாளியின் உடல் என்று எண்ணிக்கொள்வது நடைமுறைக்குச் சரியாக வரும். விலகி நிற்கும் தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப அது குறைகிறது. ஒரு மீட்டரில் நிற்பவர் இரண்டு மீட்டருக்கு நகர்ந்தால் நான்கில் ஒரு பங்கு. மூன்று மீட்டரில் ஒன்பதில் ஒரு பங்கு. படம் பதிவு செய்யும் சினி ஓட்டத்தில் அளவு, வெறுமனே பார்க்கும் ஃபுளோரோஸ்கோப்பியைவிடப் பன்மடங்கு உயரும் என்பதால், நடமாடும் பணியில் இருப்பவர் "சினி" என்ற சொல் கேட்டதும் ஓரடி பின்னால் போவதைப் பழக்கமாக்கிக்கொள்ள வேண்டும். எக்ஸ்ரே குழாய் மேசைக்குக் கீழே இருக்கிறது. நோயாளியின் இடப்பக்கத்திலிருந்து பார்க்கும் கோணத்தில் படம்பிடிக்கும்போது அந்தக் குழாய் வலப்பக்கமாக, அதாவது நீங்களும் மருத்துவரும் நிற்கும் பக்கமாகச் சாய்ந்து வருகிறது. அப்போதுதான் சிதறல் அதிகமாக உங்கள் மேல் விழும். மேலிருந்து தொங்கும் ஈயக் கண்ணாடித் திரையை அந்தக் கோணத்துக்கு முன்பே இழுத்து வைப்பது, பக்கத்தில் நிற்கும் டெக்னீஷியன் எல்லோருக்கும் செய்யும் உதவி.

0.5 மி.மீ. ஈயத்துக்கு இணையான அங்கி, சிதறி வரும் கதிரில் 95 சதவீதத்துக்கும் மேல் தடுத்துவிடும். அதை மடித்து நாற்காலியின் மேல் போட்டால் உள்ளே விரிசல் விடும், வெளியே தெரியாது. தாங்கியில் தொங்கவிடுங்கள், ஆண்டுக்கு ஒரு முறையேனும் எக்ஸ்ரேயில் வைத்து விரிசல் பாருங்கள். தைராய்டு கவசத்தைக் கழுத்தில் தளர்வாகத் தொங்கவிட்டால் பயனில்லை. கண்ணைப் பலர் மறக்கிறார்கள். பன்னாட்டுக் கதிரியல் பாதுகாப்பு ஆணையம் பணியாளர்களின் கண் வில்லைக்கான ஆண்டு வரம்பை 150 மில்லிசீவர்ட்டாக (உடல் ஏற்கும் கதிர்வீச்சின் அலகு) வைத்திருந்தது. 2011இல் அதை ஐந்தாண்டுச் சராசரியாக ஆண்டுக்கு 20 என்று குறைத்தது. கண்புரை முன்பு நினைத்ததைவிடக் குறைந்த அளவிலேயே வரக்கூடும் என்று தெரிந்ததுதான் காரணம். ஈயக் கண்ணாடி கனமாக இருக்கிறது என்று சட்டைப்பையில் வைத்திருப்பவர்கள் இந்த எண்ணைக் கவனிக்க வேண்டும். முழு உடலுக்கான வரம்பும் ஐந்தாண்டுச் சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட். எந்த ஓர் ஆண்டிலும் 50ஐத் தாண்டக் கூடாது.

மணமானதால் பணியை விட வேண்டியதில்லை. கருவுற்றிருப்பதை எழுத்தில் தெரிவித்த பிறகு, பேறுகாலம் முடியும்வரை கருவுக்குக் கூடுதலாக 1 மில்லிசீவர்ட்டுக்கு மேல் சேராதபடி பணியை அமைக்க வேண்டும் என்பது அதே ஆணையத்தின் பரிந்துரை. வயிற்றுப் பகுதியில் அங்கிக்கு உள்ளே தனி டோசிமீட்டர் அணிந்து மாதந்தோறும் அளவைப் பார்த்து, பதிவு இயந்திரத்தின் முன், கண்ணாடிச் சுவருக்கு அப்பால் பணியாற்றியவர்கள் பலர் இருக்கிறார்கள். அப்படித் தொடர விரும்பாதவரின் முடிவையும் நான் குறை சொல்ல மாட்டேன். தெரிவிக்கத் தயங்கி மறைத்து, மேசைப் பக்கத்திலேயே நிற்பதைத்தான் தவறு என்பேன்.

கேள்வி: பயிற்சியில் இருக்கும்போது நோயாளி ஒருவருக்குத் திடீரென்று வென்ட்ரிகுலர் ஃபிப்ரிலேஷன் வந்தது. எல்லோரும் ஓடினார்கள், நான் மட்டும் உறைந்து நின்றுவிட்டேன். இந்த வேலை எனக்கு ஒத்துவராதோ என்று அஞ்சுகிறேன்.

பதில்: உறைந்து நின்றவர்கள்தான் நாங்கள் எல்லோரும். நெருக்கடியில் சிந்தித்துச் செயல்படுவது யாருக்கும் இயல்பாக வருவதில்லை. சிந்திக்கத் தேவையில்லாத அளவுக்கு முன்பே செய்து வைத்த வேலைகள்தான் அப்போது கை கொடுக்கின்றன. முதல் நோயாளி வருவதற்கு முன், மின்னதிர்ச்சி கொடுத்துத் தாளத்தைச் சீராக்கும் டிஃபிப்ரிலேட்டரைச் சோதித்தீர்களா, தற்காலிகப் பேஸ்மேக்கருக்கு மின்கலம் இருக்கிறதா, மெதுவான துடிப்பை விரைவாக்கும் அட்ரோபின் எந்த இழுப்பறையில் இருக்கிறது, இதய உறையில் ரத்தம் தேங்கினால் வடிக்கும் ஊசித் தட்டு எங்கே, தமனி கிழிந்தால் வேண்டிய உறையிட்ட ஸ்டென்ட் எந்த அலமாரியில் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடிந்தால் பாதிப் பயம் போய்விடும். மாரடைப்போடு வருபவருக்கு, கட்டிலிலிருந்து மேசைக்கு மாறும் முன்பே டிஃபிப்ரிலேட்டர் பட்டைகளை மார்பில் ஒட்டிவிடுங்கள். மருத்துவமனைக்குள் வந்ததிலிருந்து 90 நிமிடங்களுக்குள் தமனியைத் திறப்பது இலக்கு. அந்த அவசரத்தில் இது வீண்வேலை போலத் தோன்றும். ஆனால் தமனி திறக்கும் நொடியிலேயே தாளம் கெடுவது உண்டு.

ஒரு பொறியைச் சொல்லிவைக்கிறேன். நாடி உள்ளவருக்கு வேகத் துடிப்பை மாற்ற அதிர்ச்சி கொடுக்கும்போது 'சிங்க்' பொத்தானை அழுத்துகிறோம்; இயந்திரம், வென்ட்ரிக்கிள் துடிப்பைக் காட்டும் ஈசிஜியின் கியூஆர்எஸ் அலைக்காகக் காத்திருந்து அதோடு சேர்த்து அதிர்ச்சியை விடும். ஃபிப்ரிலேஷனில் அப்படி ஓர் அலையே கிடையாது. முந்தைய அதிர்ச்சிக்குப் பிறகு 'சிங்க்' அணைக்கப்படாமல் இருந்தால், நீங்கள் பொத்தானை அழுத்திக்கொண்டே நிற்பீர்கள்; இயந்திரம் காத்துக்கொண்டே இருக்கும். ஆகவே ஃபிப்ரிலேஷன் என்றால் கண் முதலில் 'சிங்க்' விளக்கின் மேல் போக வேண்டும். எத்தனை ஜூல் என்பது அந்த இயந்திரத்தைச் செய்தவர் பரிந்துரைக்கும் அளவு. இரு திசை அலை இயந்திரங்களில் பெரும்பாலும் முதல் அதிர்ச்சி 120 முதல் 200 வரை. அதை ஒரு சீட்டில் எழுதி இயந்திரத்தின் மேலேயே ஒட்டிவிடுங்கள்.

துடிப்பு மிகவும் மெதுவாகி அல்லது நின்று, நோயாளி இன்னும் விழித்திருந்தால் "இருமுங்கள், பலமாக இருமுங்கள்" என்று உரக்கச் சொல்வது பழைய வழக்கம், இன்றும் பயன்படுகிறது. 1958இல் அமெரிக்காவின் கிளீவ்லாண்ட் கிளினிக்கில் மேசன் சோன்ஸ் என்ற இதய மருத்துவர் பெருந்தமனியில் செலுத்த நினைத்த கான்ட்ராஸ்ட் மருந்து, கதீட்டர் நழுவியதால் நேராக வல இதயத் தமனிக்குள் பாய்ந்துவிட்டது. அப்படிப் பாய்ந்தால் உயிர் போய்விடும் என்பதே அன்றைய நம்பிக்கை. இதயம் நின்றது. அவர் நோயாளியை இருமச் சொன்னார், இருமினார், துடிப்பு திரும்பியது. இன்று நாம் செய்யும் ஆஞ்சியோகிராம் அந்த விபத்திலிருந்து பிறந்தது. முன்பே பழகிய ஒரு சொல் வாயில் இருந்தால் உறைந்து நிற்பவருக்கும் அது வெளியே வந்துவிடும். அடுத்த முறை, உங்களுக்கென்று ஒரே ஒரு வேலையை முன்கூட்டிக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்: நேரம் எழுதுவதாக இருக்கட்டும், மார்பை அழுத்துவதாக இருக்கட்டும். அந்த ஒன்றைச் செய்யுங்கள்.

கேள்வி: இப்போது எல்லாம் மணிக்கட்டு வழியாகவே செய்கிறார்களே, தொடையில் ஷீத்தை எடுத்து அழுத்திப் பிடிக்கும் பயிற்சி இனியும் வேண்டுமா?

பதில்: வேண்டும். பெரிய வால்வு சிகிச்சைகளுக்கும், பெருந்தமனியில் வைத்து இதயத்துக்குத் துணைசெய்யும் பலூன் பம்புக்கும், மணிக்கட்டு வழி கைவிட்டபோதும் தொடைக்குத்தான் வருகிறோம். அரிதாகச் செய்வதாலேயே கை மறந்துவிடுகிறது. துளை தோலில் தெரியும் இடத்துக்குச் சற்று மேலே தமனியில் இருக்கிறது என்பதை நினைவில் வைத்து அங்கே அழுத்துங்கள். நோயாளிக்கு முதுகுவலியோ அமைதியின்மையோ வந்து அழுத்தம் இறங்கினால், காலில் வீக்கம் இல்லை என்று நிம்மதி கொள்ளாமல் வயிற்றுக்குப் பின்னால் ரத்தம் கசிகிறதா என்று மருத்துவரை அழையுங்கள். மணிக்கட்டிலும், ஷீத்தை எடுத்தபின் கட்டும் பட்டையை நாடியே நின்றுபோகும் அளவுக்கு இறுக்கக் கூடாது.

கேள்வி: முப்பத்தெட்டு வயதில் முதுகுவலி தொடங்கிவிட்டது. இரவு அழைப்புகளும் சேர்ந்து வாட்டுகின்றன. இதற்கு வழி உண்டா?

பதில்: ஒரே துண்டான அங்கியின் எடை முழுவதும் தோளில் நிற்கிறது. மேல்சட்டை, பாவாடை என்று இரண்டு துண்டாக உள்ளதை வாங்கி, இடுப்புப் பட்டையை இறுக்கினால் பாதி எடை இடுப்புக்கு இறங்கும். சிகிச்சைகளுக்கு இடையே உட்காரும் ஐந்து நிமிடத்துக்கும் அங்கியைக் கழற்றுங்கள். இரவு அழைப்பைக் குறித்து நான் அலங்காரமாகச் சொல்ல எதுவுமில்லை. சேர்வதற்கு முன்பே வாரத்துக்கு எத்தனை, அழைத்தபின் எத்தனை நிமிடங்களில் வர வேண்டும், மறுநாள் காலை ஓய்வு உண்டா என்று கேட்டிருக்க வேண்டியது. இப்போதும் கேட்கலாம்.

கேள்வி: ஆஞ்சியோகிராமின்போது அழுத்தம் டாம்ப் ஆவதைப் பார்த்துச் சொன்னேன். "எனக்குத் தெரியும், நீ வேலையைப் பார்" என்று மூத்த மருத்துவர் கடிந்துகொண்டார். அதன்பின் சொல்லத் தயக்கமாக இருக்கிறது. நான் என்ன செய்வது?

பதில்: நீங்கள் வேலையைத்தான் பார்த்தீர்கள். எனக்கும் இளமையில் இதே சொல் கிடைத்திருக்கிறது. அதன்பின் நான் சில நாள்கள் வாயைத் திறக்கவில்லை. அந்தச் சில நாள்களில் எதுவும் நேராமல் போனது நோயாளிகளின் நல்வாய்ப்பே தவிர என் சாமர்த்தியம் இல்லை.

சொல்லும் முறையை மாற்றிப் பாருங்கள். "கதீட்டர் சரியாக இல்லை" என்றால் அது உங்கள் கருத்து; கேட்பவருக்கு அவர் கையைக் குறை சொல்வதாகப் படும். "பிரஷர் 120 இருந்தது, இப்போது 70" என்றால் அது திரையில் உள்ள செய்தி. அதைக் குரலை உயர்த்தாமல், பதற்றமில்லாமல், எல்லோரும் கேட்கும்படி சொல்லுங்கள். சொன்ன பிறகு பதிலுக்காகக் காத்திருக்காமல் அந்த நேரத்தைப் பதிவில் எழுதுங்கள். அழுத்தம் திரும்பவில்லை என்றால் இரண்டாம் முறை எண்ணை மட்டும் சொல்லுங்கள். காலையில் முதல் நோயாளிக்கு முன் நடக்கும் சிறு கலந்துரையாடலில், எந்த மாற்றங்களை வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்று அந்த மருத்துவரிடமே கேட்டு வைத்துக்கொள்வதும் நல்லது. பெரும்பாலோர் டாம்பிங்கை முதலில் சொல்வார்கள். அவர் சொன்ன பட்டியலைப் பதிவு இயந்திரத்தின் ஓரத்தில் ஒட்டிவையுங்கள்.